ஆந்தை அழித்த பதிவு

"அழாதீங்க அக்கா... கொஞ்சம் பொறுங்க, நனைஞ்சுட்டிருக்கேன். பஸ் ஸ்டாப்புக்குள்ள போயிடறேன்..."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் ஓடினாள். நிறுத்தத்தின் கூரைக்கடியில் அவள் நுழையவும், உள்ளே நின்ற ஒருவன் குடையை விரித்துக்கொண்டு வெளியே அடி வைக்கவும் சரியாக இருந்தது.

குடைக்கம்பி அவள் மூக்குக்கண்ணாடியைக் கொத்திக்கொண்டு போனது. கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்கப் பாய்ந்தவனின் கால் அதன் மேலேயே பட்டது.

நறுக்...

உலகம் கரைந்துபோயிற்று. மழையும் விளக்குகளும் ஆட்களும் ஒன்றுக்குள் ஒன்றாக வழிந்தன. எதிரே நின்றவன் ஒரு நீலச் சட்டை. அதற்கு மேல் தெளிவில்லாத ஒரு வட்டம். அவ்வளவுதான்.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுதுங்க. இப்ப உங்களுக்குத்தான்..." நீலச் சட்டை சட்டென்று நிறுத்திக்கொண்டது. "ஸாரி. இது சிரிக்கற நேரம் இல்லை. அடி பட்டுச்சா? கண்ணுல எதுவும் படலையே?"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் நிஜம். அவளுடைய கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. நேரில் அவளுக்கு வரும் கோபங்கள் எல்லாமே பாதியில் நிற்பவைதான். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதே அபூர்வம்.

"படலை."

"எதிர்ல ஒரு கண்ணாடிக் கடை தெரியுதா... தெரியாது, சரி. எதிர்ல ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. அங்க பவர் பார்க்கற ஆள் நான்தான். வாங்க, இப்பவே பார்த்துடலாம்."

"உடைச்சுட்டுக் கடைக்குக் கூப்பிடறீங்க. இப்படித்தான் வியாபாரமா?"

"இதுவரைக்கும் இல்லை. நீங்க சொன்னப்புறம்தான் யோசனையே வருது."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். கைப்பேசிக்குள் அக்கா இன்னும் இருந்தாள். "என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லை அக்கா. நீங்க சொன்ன ஆள்கிட்ட கேட்கறேன். இன்னைக்கே கேட்டுடறேன்." வைத்துவிட்டாள்.

சாலையைக் கடக்க வேண்டும். கையைப் பிடிப்பதா...? அவனுக்கும் அதே தயக்கம் போலிருக்கிறது. குடையை மடக்கி, கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினான். ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன். கையில் குடை இருந்தும் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து அக்கரை சேர்ந்தார்கள்.

கடைக்குள் ஒரு சிறிய இருட்டறை. நாற்காலியில் உட்கார வைத்து, கனமான வட்டச் சட்டம் ஒன்றை அவள் மூக்கின்மேல் மாட்டினான். அதற்குள் வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தான்.

"இது நல்லாருக்கா... இல்லை, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்ப?"

"ம்... இப்ப ரெண்டும் ஒரே மாதிரி."

"அப்படின்னா கிட்ட வந்துட்டோம்."

அவன் சொன்னது வில்லையைப் பற்றித்தான். இருந்தாலும் அவளுக்குக் காது சுட்டது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"தண்ணியைச் சோதனை பண்ற லேப்ல. கண்ணாடிக் குழாய்ல கோடு கோடா அளவு இருக்கும்... இது இல்லாம எதுவுமே தெரியாது."

"ஓரமெல்லாம் கோணலா தெரியுதா? கண்ணைச் சுருக்காதீங்க. சாதாரணமா விடுங்க." கடைசி வில்லையைப் போட்டான். "ஒரு விஷயம் தெரியுமா... புதுக் கண்ணாடி போட்டவங்க முதல்ல எதைப் பார்ப்பாங்க? கூட வந்தவங்களை இல்லை. அவங்கவங்க கையைத்தான். நகம், ரேகை, குட்டிக் குட்டி முடி... இத்தனை நாளா கூடவே இருந்ததை இப்பத்தான் பார்க்கற மாதிரி பார்ப்பாங்க."

அவள் தன் கையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

மழையில் ஒட்டிய தலைமுடி. சவரம் செய்ய மறந்த தாடை. பெரிய, உருண்டையான கண்கள். பகலில் தூங்கி எழுந்தவன்போல் ஓர் அகல விழிப்பு... அந்தக் கண்களைவிட, அவன் சற்று முன் சொன்ன வார்த்தைகள்தான் அவளை உலுக்கின. அதை அவள் படித்திருக்கிறாள். ஒருமுறையல்ல.

"இதை... நெட்ல எழுதியிருக்கீங்க இல்ல?"

"அட! நெட்ல எங்க வீட்டுலதான் எழுதறீங்களா? என்ன பேரு அங்க?"

சொல்லாமல் எழுந்து போய்விடலாம். ஆனால் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கே கேட்பதாக.

"எறும்பு."

வில்லைப் பெட்டியை மூடப் போனவனின் கை அப்படியே நின்றது.

அவர்கள் இருவரும் புழங்கும் அந்தச் சமூக வலை எந்தப் பெரிய கம்பெனியின் கையிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் சொந்தக் கணினியில் ஒரு சின்ன வீடு அமைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் எழுதுவது மற்ற வீடுகளுக்கும் போய்ச் சேரும். மேலே முதலாளி கிடையாது. அந்தந்த வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். அவளுடைய வீட்டின் பெயர் 'கூடு'. அலமாரியின் மேல் ஒரு பழைய கணினியில் ஓடுகிறது. ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் பெண்கள் சிலர் அங்கே எழுதுகிறார்கள். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அங்கே எறும்பு என்ற பெயரில் சண்டைகூடப் போடுவாள். போட்ட சண்டையெல்லாம் அநேகமாக ஒருவனோடுதான்... 'பூட்டில்லா வாய்' என்ற வீட்டை நடத்தும் ஆந்தையோடு.

அந்த வீட்டில் கொம்பன் என்று ஒருவன் இருந்தான். கூட்டிலிருக்கும் பெண்களைத் தேடித் தேடி மிரட்டினான். ஒரு பெயரை ஒதுக்கினால் இன்னொரு பெயரில் வந்தான். ஆந்தையிடம் முறையிட்டாள். 'பேச விடுங்கள், பிடிக்காவிட்டால் கேட்காதீர்கள்' என்று பதில் வந்தது. அன்றே அந்த வீடு முழுமைக்கும் கதவைச் சாத்திவிட்டாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. அழுதாளே, அந்த நர்ஸ் அக்கா... ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய குழாய்களைத் தன் வார்டில் கழுவி மறுபடி போடுகிறார்கள் என்று அதற்கு முன்னால் கூட்டில் எழுதியிருந்தாள். படமும் போட்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் அவளுடைய கை, கையில் தழும்பு. பார்த்தால் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். கதவைச் சாத்தியபின், பயந்துபோய் அதை அழித்தாள். அழித்தால் 'நீங்களும் அழித்துவிடுங்கள்' என்று மற்ற வீடுகளுக்குத் தகவல் போகும். கதவடைத்த வீட்டுக்கு அந்தத் தகவலும் போகாது. ஆந்தையின் வீட்டில் மட்டும் பதிவு அப்படியே இருந்தது. இன்று காலை யாரோ அதை எடுத்து எல்லோருக்கும் காட்டத் தொடங்கிவிட்டார்கள். நிர்வாகத்தின் கண்ணில் பட்டால் அக்காவின் வேலை போகும். காப்பாற்றுவதற்காகச் சாத்திய கதவு அக்காவின் கழுத்தையே நெரித்துக்கொண்டிருந்தது.

"கடிச்சுட்டு ஓடின எறும்பா..." என்றான் அவன்.

"நான் ஓடலை. கதவைச் சாத்தினேன்."

"எங்க எல்லாரையும் வெளியில நிறுத்தி."

"ஒருத்தனை நீங்க வெளியில நிறுத்தியிருந்தா எல்லாரையும் நான் நிறுத்தியிருக்க வேண்டாமே."

"இன்னைக்கு எனக்குப் பிடிக்கலைன்னு ஒருத்தன் வாயைப் பொத்தினா, நாளைக்கு என் வாயை ஒருத்தர் பொத்துவாங்க."

"ஒரு பொண்ணு எந்த பஸ்ல வீட்டுக்குப் போறான்னு எழுதி, 'பார்த்துக்கறேன்'னு சொல்றது பேச்சா?"

அவன் விழித்தான். "அப்படி எழுதினானா?"

"உங்களுக்கு அனுப்பினேன். நீங்க படிக்காமலே பதில் போட்டீங்க."

வெளியே மழை வலுத்தது. அவன் எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். அவள் அக்காவின் விஷயத்தைச் சொன்னாள். ஆள் யார், எந்த இடம் என்று சொல்லவில்லை. மற்றதைச் சொல்லி, பதிவை அழித்துவிடும்படி கேட்டாள்.

"அது உண்மைதானே? நோயாளிங்க உசுரு சம்பந்தப்பட்டது. அதை அழிச்சா யாருக்கு லாபம்?"

"உண்மைதான்."

"போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி வக்கீலை வச்சு மிரட்டுச்சு. எங்க வீட்டுல ஆளுங்க எழுதின புகாரை அழிக்கச் சொல்லி. யார் கேட்டாலும் எதையும் அழிக்கமாட்டேன்னு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வார்த்தை கொடுத்தேன். அதை நம்பித்தாங்க அவங்க எழுதறாங்க." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணுங்க. நீங்க கதவைத் திறந்து, அழிக்கச் சொல்லி மறுபடி தகவல் அனுப்புங்க. தானா அழிஞ்சுடும். நான் கை வைக்கவே வேண்டாம்."

"கதவைத் திறந்தா கொம்பனும் வருவான். திறக்கமாட்டேன்னு நானும் எங்க பொண்ணுங்களுக்கு வார்த்தை கொடுத்திருக்கேன்."

"அப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்க வார்த்தையும் பத்திரமா இருக்கும், என் வார்த்தையும் பத்திரமா இருக்கும். அக்காவுக்கு வேலை போகும். அவ்வளவுதானே?"

சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். உலகம் மறுபடி கரைந்தது. கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியே வந்தாள்... வந்தபிறகுதான் தெரிந்தது, சாலையைத் தாண்ட முடியாது என்று. விளக்குகள் பூதங்களைப்போல் பாய்ந்து வந்தன.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. குடையின் கைப்பிடி. பேசாமல் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டான். போகவில்லை.

"நீங்க போங்க. நான் பார்த்துக்கறேன்."

"எதைப் பார்ப்பீங்க? எந்த பஸ்?"

எண்ணைச் சொன்னாள். சொல்லவே பிடிக்கவில்லை. சண்டை போட்டவனோடு தோளுக்குத் தோள் நின்று, வரும் பேருந்தையெல்லாம் அவன் படித்துச் சொல்ல... என்ன தலையெழுத்து!

"இது இல்லை," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இதுவும் இல்லை."

முகம் தெரியாததால்தானோ என்னவோ, அவளால் பேச முடிந்தது.

"அக்காவை யாரும் மிரட்டலை. அவங்களே எழுதினாங்க, அவங்களே வேண்டாம்னு நினைக்கறாங்க. சொல்றதுக்கு ஒருத்தருக்கு உரிமை இருக்குன்னா, சொன்னதை எடுத்துக்கவும் இருக்கணும் இல்லையா? இல்லைன்னா அது அவங்க பேச்சே இல்லை. நீங்க பிடுங்கி வச்சிருக்கற பொருள்."

அவன் குடையிலிருந்த நீரை உதறினான்.

"பெரிய ஆளுங்க வந்து மிரட்டறதும், எழுதினவளே வந்து கெஞ்சறதும் உங்களுக்கு ஒண்ணா?"

"உங்க பஸ் வந்துடுச்சு," என்றான் அவன்.

வீட்டில் அண்ணி கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தாள். "என்னடி இது, கண்ணாடி எங்க? யார்கூட சண்டை போட்டே?"

"ஒரு ஆந்தைகூட."

"மழையில ஆந்தையா? சரிதான், ஜுரம் வந்துடுச்சு." துண்டை அவள் தலையில் போட்டுத் துவட்டினாள். "உன் அலமாரிப் பெட்டி வேற மதியத்துல இருந்து உய்யுன்னு கத்துது. உங்க அண்ணன் கேட்டார், வீட்டுல மாவு மில் வச்சிருக்கியான்னு."

அவள் கைப்பேசியை மூக்குக்கு நேரே வைத்து, உடனே தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன.

"அண்ணி... ஒண்ணு படிச்சுச் சொல்றீங்களா? எதுவும் கேட்கக் கூடாது."

"கேட்காம எப்படிடி படிக்கறது? கொடு." அண்ணி வாங்கி, அவள் சொன்ன பக்கத்தைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'ஆந்தை எழுதுகிறேன். இன்று என் வீட்டிலிருந்து ஒரு பதிவை அழித்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, பணம் தரவில்லை. எழுதியவர் எடுத்துக்கொள்ள விரும்பினார். எடுத்துக்கொள்ள வந்தவருக்கு மறுப்பதற்குப் பேச்சுரிமை என்று பெயர் வைத்திருந்தேன். அது தவறு. காரணம் இதற்கு மேல் சொல்லமாட்டேன். இன்னொன்று: கொம்பனை இன்று வெளியேற்றினேன். அவனைப் பற்றி வந்த புகாரைப் படிக்காமலே பதில் சொல்லியிருந்தேன். இன்றைக்குத்தான் படித்தேன். வெட்கமாக இருக்கிறது.'" அண்ணி நிமிர்ந்தாள். "யாருடி இவன்? நல்லாத்தானே எழுதறான்."

அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கீழ... கீழ என்ன போட்டிருக்காங்க?"

"'ஆந்தை விலை போயிடுச்சு...' 'எவ்வளவு வாங்கினே?' 'உன்னை நம்பி வந்தோமே...' ஐயையோ, இதை என் வாயால படிக்கமாட்டேன். இந்த மனுஷன் இதுக்கெல்லாம் ஒரு பதிலும் சொல்லலையேடி?"

சொல்லமாட்டான். சொன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்... ஒற்றை வரியில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த வரியை விழுங்கிவிட்டு, எல்லா வசவுக்கும் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பேருந்து வந்துவிட்டது என்று சொன்னபோதே முடிவு செய்திருப்பான்.

"ஏய்... அழறியா என்ன?"

"தலையைத் துவட்டினா கண்ணுல தண்ணி வராதா?"

"என் கண்ணுல வரலையே," என்றாள் அண்ணி.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்தாள். கூட்டுப் பெண்களிடம் நடந்ததைச் சொல்லி, கதவைத் திறக்கலாமா என்று கேட்டாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். வேண்டாம் என்று இரண்டு மூன்று பேர். கொம்பன் மறுபடி வந்தால் மறுபடி சாத்தலாம் என்று மற்றவர்கள். மதியம் அக்கா கூப்பிட்டாள்.

"போயிடுச்சும்மா. தேடிப் பார்த்தேன், எங்கயும் இல்லை. ஆனா ஒண்ணு, நான் வாயை மூடிக்கிட்டேன்னு நினைச்சுடாதே. வார்டுல மத்தவங்ககிட்ட பேசிட்டேன். எல்லாரும் சேர்ந்து நேரா போய்ச் சொல்லப் போறோம். அப்பவும் கேட்கலைன்னா நானே மறுபடி எழுதுவேன், என் பேரோட. அன்னைக்கு உன் ஆந்தைகிட்ட சொல்லு, அதை அழிக்கக் கூடாதுன்னு."

"என் ஆந்தை இல்லை அக்கா..."

"சரி. யாரோ ஒரு ஆந்தை."

சாயங்காலம் அண்ணி துணையோடு கடைவீதி வரை வந்து, கடைக்குள் தனியாக நுழைந்தாள். வயதான ஒருவர் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை இன்று வெள்ளையாக இருந்தது. அவளைக் கண்டதும் அது எழுந்து நின்றது.

"வருவீங்களான்னு தெரியலை. ஆனா போட்டு வச்சுட்டேன்."

புதுக் கண்ணாடியைத் துடைத்து, அவள் காதோரம் படாமல் மாட்டினான். எல்லாம் கூர்மையாக வந்து நின்றன. அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது.

"ரொம்பப் பேர் போயிட்டாங்களா?"

"போனாங்க. நல்லா எழுதறவங்களும் கொஞ்சம் பேர். அதுதான் கஷ்டமா இருக்கு." சிரிக்க முயன்றான். "நீங்க கதவைத் திறந்ததைப் பார்த்தேன். ஆனா பழைய தொடர்பு ஒண்ணுகூடத் திரும்ப வரலையே?"

"வராது. கதவைச் சாத்தினப்பவே எல்லாம் அறுந்துபோச்சு. திறந்தா தானா ஒட்டாது. ஒவ்வொருத்தரும் மறுபடி முதல்ல இருந்து கேட்கணும்."

"கேட்பாங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். ஓடுகளுக்கு நடுவே மெல்லிய கோடு. எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது... எங்கும் தப்பிக்க முடியாத அளவுக்கு.

"நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க, அப்புறம் எனக்கு வராது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கதவைச் சாத்தின மறுநாள்ல இருந்து, தினமும் வெளியாள் மாதிரி வந்து உங்க பக்கத்தைப் படிச்சேன். எங்க பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க. சண்டை போட ஆள் இல்லாம போரடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். அது இல்லை... உங்களைப் பிடிச்சிருந்தது. உங்க முகம் தெரியறதுக்கு முன்னாடியே. நேத்து நீங்க பண்ணினதைப் பார்த்ததும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவ்வளவுதான்."

அவனுடைய உருண்டைக் கண்கள் இன்னும் உருண்டையாகியிருந்தன.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" குரல் லேசாக நடுங்கியது. "எடுத்துக்கணும்னா... இப்பவே எடுத்துக்கலாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"எடுத்துக்க வரலை. சொல்லத்தான் வந்தேன். நீங்க சொல்லுங்க."

பேச்சுக்காக ஊரோடு சண்டை போட்டவனுக்கு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். துடைத்த துணியையே மறுபடி மடித்தான்.

"எனக்கும்..." என்றான், உதடு மட்டும் அசைய.

"கேட்கலை."

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!"

கண்ணாடி முன் நின்ற பெரியவர் விலைச்சீட்டு தொங்கும் சட்டத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, என்கிட்டயா சொன்னீங்க?"

"இல்லைங்க... இவங்ககிட்ட," என்றான் அவன். இந்த முறை குரல் நடுங்கவில்லை.